இரண்டாம் முறை ரேடியேஷனா? முதலில் பழைய தாளைத் தேடுங்கள்

"முன்னாடி எத்தனை கிரே குடுத்தாங்க?" என்று டாக்டர் கேட்டார். "இருபது நாள் கரண்ட் வெச்சாங்க டாக்டர்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கிரே என்பது உடம்பில் இறங்கும் கதிரை அளக்கும் அலகு.

நான் முப்பது வருடமாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவள். பேரேட்டில் ஒரு வரி பிசகினால் அன்றைக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட எனக்கு, மார்பகப் புற்றுநோய்க்காக என் உடம்புக்குள் இறங்கிய கதிரின் கணக்கு தெரியவில்லை. ஸ்கேன் படங்கள் இருந்தன. ரத்தப் பரிசோதனைத் தாள்கள் வருடவாரியாக இருந்தன. ரேடியேஷன் முடிந்த அன்று கையில் கொடுத்த ஒற்றைத் தாளை மட்டும் காணோம். முடிந்துபோன கணக்குதானே என்று எங்கோ செருகிவிட்டிருக்கிறேன்.

ஆறு வருடம் கழித்து அதே இடது மார்பில், பழைய தழும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மிளகு அளவில் ஒரு முடிச்சு. தையல் நூலாக இருக்கும் என்று ஒரு மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பயாப்ஸியில் பழைய ஆள்தான் திரும்பி வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பி வந்த மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால் என்ன கேட்கவேண்டும், எதை எடுத்துப்போகவேண்டும், அந்த வாரங்களை எப்படி ஓட்டவேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அளவும் மருந்தும் அவர்கள் முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு வேண்டிய தாள்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

பழைய கணக்கு

முன்பு ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு இதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். கேட்கவேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரி அல்ல. அதில் "ரேடியேஷன் கொடுக்கப்பட்டது" என்று ஒரு வரிதான் இருக்கும். ரேடியேஷன் பிரிவில் தனியாக ட்ரீட்மெண்ட் சம்மரி என்று ஒன்று போடுவார்கள், அதைக் கேளுங்கள். மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணை, ஆரம்பித்த தேதி, முடித்த தேதி, மார்பு மட்டுமா, அக்குளும் காறை எலும்புக்கு மேலேயும் சேர்த்தா, கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதலாக பூஸ்ட் கொடுத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். கூடவே ரேடியேஷன் பிளானின் கோப்பையும் சிடியிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். டைகாம் வடிவில் வேண்டும் என்றால் அவர்களுக்குப் புரியும். புதிய இடத்தில் கதிரின் அளவைக் கணக்கிடும் பிசிசிஸ்ட் அதைத் திறந்து, பழைய கதிர் எங்கே எவ்வளவு விழுந்தது என்று இன்றைய ஸ்கேன்மேல் வைத்துப் பார்ப்பார். தாளில் இருப்பது மொத்தத் தொகை, கோப்பில் இருப்பது பேரேடு.

எனக்கு அது கிடைக்கப் பதினோரு நாள் ஆயிற்று. முதல் சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியில் மெஷினை மாற்றிவிட்டார்களாம், பழைய கம்ப்யூட்டர் வேறு கட்டிடத்தில் இருக்கிறதாம், ரெக்கார்டு பார்ப்பவர் லீவாம். போனில் கேட்டு ஒன்றும் நடக்கவில்லை. எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி, மூன்று முறை நேரில் போய் நின்றபிறகுதான் வந்தது. பயாப்ஸி முடிவுக்காகக் கையைப் பிசைந்துகொண்டு இருக்கும் நாட்களிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். நான் முடிவு வந்தபிறகு தொடங்கியது தப்பு.

வந்த தாளில் 15 தவணையில் 40 கிரே, அதன்மேல் பூஸ்ட் 5 தவணையில் 10 கிரே என்று இருந்தது. இருபது நாள் என்று நான் சொன்னது சரிதான். ஆனால் நாள் எண்ணிக்கையை வைத்து அளவைச் சொல்ல முடியாது. ஒருவருக்கு 25 தவணையில் 50 கிரே, இன்னொருவருக்கு 15 தவணையில் 40, இப்போது சிலருக்கு ஒரே வாரத்தில் 5 தவணையாக 26. ஒரு தவணை பெரிதானால் மொத்தம் குறையும், செய்யும் வேலை ஏறக்குறைய அதேதான். அதனால் "உனக்குக் கம்மி நாள்தானே வெச்சாங்க, அதான் திரும்பிடுச்சு" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தோல் ஆறிவிடும், நிறம்கூட ஓரளவு திரும்பிவிடும். உள்ளே இருக்கும் விலா எலும்பு, நுரையீரலின் ஓரம், இதயம், கைக்குப் போகும் நரம்புக் கொத்து இவையெல்லாம் முதல் முறை வாங்கியதை முழுக்க மறப்பதில்லை. கொஞ்சம் தேறும், மிச்சம் நிலுவையில் நிற்கும். அந்த நிலுவையைத் தெரிந்துகொள்ளாமல் புது வரவு போட எந்த டாக்டரும் துணியமாட்டார்.

யாருக்கு எது

ரேடியேஷன் பிரிவின் வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் எனக்கும் ஒரே நோய், ஆனால் சிகிச்சை வேறு. அவருக்கு முதல் முறை மார்பை முழுக்க எடுத்துவிட்டார்கள், ரேடியேஷன் தேவைப்படவில்லை. ஒன்பது வருடம் கழித்துத் தழும்பை ஒட்டிச் சிவப்பாகச் சில பொடிக் கொப்புளங்கள். வியர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மார்பை எடுத்தாகிவிட்டதே, இனி எங்கே வரும் என்ற நினைப்பு நிறையப் பேருக்கு உண்டு. மார்புச் சுவரின் தோலில் வரும், அக்குளில் வரும், காறை எலும்புக்கு மேலே நெறிகட்டியாக வரும். தழும்பின்மேல் எது புதிதாக வந்து இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லையோ அதைக் காட்டிவிடுங்கள்.

அவருடைய பேரேடு காலி. அதனால் தெரிந்த கட்டிகளை அறுத்து எடுத்தபின், மார்புச் சுவர் முழுவதற்கும் காறை எலும்புக்கு மேலேயும் 25 தவணையில் 50 கிரே, பிறகு அந்த இடத்துக்கு மட்டும் பூஸ்ட் என்று தாராளமாகக் கொடுக்க முடிந்தது. கதிர் ஏறும்போது அவர் மார்பின்மேல் ஈரத் துணிபோல ஒரு ஜெல் விரிப்பைப் போடுவார்கள். போலஸ் என்று பெயர். இந்த மெஷினின் கதிர் தோலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனபிறகுதான் முழு வேகம் எடுக்கும். நோய் தோலிலேயே இருந்தால் அந்த வேகம் தோலிலேயே வேண்டுமே, அதற்குத்தான் விரிப்பு. விரிப்பு போட்டவர்களுக்குத் தோல் சீக்கிரம் சிவக்கும், அது எதிர்பார்த்ததுதான்.

என் கதை வேறு. மார்பை விட்டுவைத்து, கட்டியை மட்டும் எடுத்து, ரேடியேஷனும் வாங்கிய பிறகு அதே மார்பில் திரும்பினால், மார்பை முழுக்க எடுப்பதுதான் வழக்கமான பதில். முதலில் பார்த்த சர்ஜன் அதைத்தான் சொன்னார், அது தப்பான பதிலும் அல்ல. இரண்டாவது கருத்துக்குப் போன இடத்தில் இன்னொரு வழியைப் பற்றிப் பேசினார்கள். கட்டி 3 செ.மீ.க்குள், ஒரே இடத்தில், முதல் ரேடியேஷன் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், மறுபடியும் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு அந்தப் பகுதிக்கு மட்டும் கதிர் கொடுக்கலாம். 30 தவணையில் 45 கிரே, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அமெரிக்காவில் 58 பேரிடம் இதைப் பார்த்த ஆய்வு 2020ல் வெளிவந்தது. 5 வருடத்தில் அதே மார்பில் மறுபடி வந்தது சுமார் 5 சதவீதம் பேருக்கு. பத்தில் ஒன்பது பேர் மார்பை இழக்கவில்லை. கடுமையான பின்விளைவு சுமார் 7 சதவீதம். 58 என்பது சின்ன எண், அதையும் டாக்டர் மறைக்கவில்லை. எனக்கு அந்த நேர்மை பிடித்தது, சரி என்றேன். நீங்கள் "முழுக்க எடுத்துவிடுங்கள்" என்று சொன்னாலும் அது கோழைத்தனம் இல்லை. எடுத்தபின் விளிம்பில் நோய் மிச்சமில்லை என்றால் பல பேருக்கு இரண்டாம் ரேடியேஷனே வேண்டியிருக்காது.

அறுக்க முடியாத அளவு பரவி, பழைய கதிரும் இருந்தால் இரண்டாம் முறை அளவைக் கூட்ட முடியாது. அங்கே சில பெரிய மையங்களில் அந்த இடத்தை 41 முதல் 43 டிகிரி வரை சூடுபடுத்திக் கதிரோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஹைப்பர்தெர்மியா என்பார்கள். ஐந்து ஆய்வுகளைச் சேர்த்து 1996ல் வெளியிட்ட கணக்கில், கதிர் மட்டும் வாங்கியவர்களில் 41 சதவீதம் பேருக்குக் கட்டி முழுக்க மறைந்தது, சூடும் சேர்த்தவர்களில் 59 சதவீதம். பழைய கதிர் வாங்கியவர்களுக்குத்தான் பலன் அதிகம் தெரிந்தது. எல்லா ஊரிலும் இருக்காது, ஆனால் "எனக்கு இது பொருந்துமா, எங்கே இருக்கிறது?" என்று கேட்பதில் தப்பில்லை.

இதற்கெல்லாம் முன்னால் இரண்டு விஷயம் முடிந்திருக்கவேண்டும். புதுக் கட்டியிலிருந்து பயாப்ஸி எடுத்து ஹார்மோன், ஹெர்2 (கட்டியை வளரத் தூண்டும் ஒரு புரதம்) பரிசோதனைகளைத் திரும்பச் செய்யவேண்டும். ஆறு வருடத்தில் கட்டியின் குணம் மாறியிருக்கலாம், பழைய ரிப்போர்ட்டை நம்பி மருந்து எழுதக்கூடாது. இன்னொன்று, எலும்பு, ஈரல், நுரையீரல் என்று வேறு எங்காவது போயிருக்கிறதா என்று பெட் ஸ்கேனிலோ சிடி, எலும்பு ஸ்கேனிலோ பார்த்திருக்கவேண்டும். போயிருந்தால் ரேடியேஷனின் நோக்கமே மாறிவிடும். எலும்பு வலிக்கு ஒரே தவணையாக 8 கிரே கொடுப்பதுகூட உண்டு. ரேடியேஷன் பட்ட இடத்தோடு சரி, உடம்பு முழுவதற்குமான மருந்தைப் பற்றித் தனியாகப் பேசவேண்டும்.

அளவெடுக்கும் நாள்

சிமுலேஷன் என்பார்கள். அன்று கதிர் கிடையாது, தையற்காரர் அளவெடுப்பது மாதிரிதான். சாய்ந்த பலகையில் படுக்கவைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பிடியில் வைக்கச் சொல்வார்கள். தழும்பின்மேல் மெல்லிய கம்பி ஒட்டி ஸ்கேன் எடுப்பார்கள். மையால் கோடு போடுவார்கள் அல்லது ஊசியால் மச்சம்போலப் புள்ளி வைப்பார்கள்.

கையை அப்படியே அரை மணி நேரம் தூக்கி வைத்திருக்கவேண்டும். அக்குளில் ஆபரேஷன் செய்த கை இதற்கு லேசில் ஒத்துழைக்காது. இரண்டு வாரம் முன்பிருந்தே, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே மேலே ஏறும் பயிற்சியைச் செய்யுங்கள். சுவரில் பென்சிலால் தினமும் எட்டிய உயரத்தைக் குறித்து வைத்தேன். வீட்டில் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

இடது பக்கம் என்றால் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். ஆழ்ந்து இழுத்தால் நுரையீரல் உப்பி, இதயம் மார்புச் சுவரைவிட்டுத் தள்ளிப்போகும். இதயத்தில் சராசரியாக விழும் ஒவ்வொரு கிரேக்கும், மாரடைப்பு போன்ற பெரிய சிக்கலின் வாய்ப்பு முன்பிருந்ததைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்று 2013ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. வீட்டில் கடிகாரத்தைப் பார்த்து இருபது வினாடி பிடித்துப் பழகுங்கள். டாக்டரிடம் "இரண்டு முறையும் சேர்த்து என் இதயத்துக்கு எவ்வளவு, நுரையீரலுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். என் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பியே காட்டினார். பேஸ்மேக்கர், மார்பில் சிலிகான் பை, லூபஸ், ஸ்கிளிரோடெர்மா போன்ற நோய் எது இருந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடவேண்டும். புகைபிடிப்பவர் என்றால் அதையும்.

இரண்டு வேளைக்கு நடுவே

அறைக்குள் நாம் இருப்பது பத்து, பதினைந்து நிமிடம். அதில் கதிர் ஓடுவது ஒரு சில நிமிடம். வலியே இல்லை, ஒரு ரீங்காரம் மட்டும் கேட்கும். தனியாக விட்டுவிட்டு வெளியே போய்விடுவார்கள், ஆனால் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இருமல் வந்தால் கையைக் காட்டினால் போதும், நிறுத்துவார்கள். உடம்பில் கதிர் தங்காது. வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாம்.

கஷ்டம் காத்திருப்பதில்தான். இரண்டு வேளைக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் இருக்கவேண்டும் என்பது சும்மா விதி இல்லை. நல்ல செல்கள் தங்களைச் செப்பனிட்டுக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும். முதல் வேளை தாமதமானால் இரண்டாவதையும் தள்ளித்தான் வைக்கவேண்டும். ஒரு நாள் மெஷின் மக்கர் பண்ணிக் காலை எட்டரைக்கு நடக்கவேண்டியது பத்தே காலுக்கு நடந்தது. சாயங்காலம் மூன்று மணிக்கு "வாங்க அக்கா, முடிச்சிடலாம்" என்று கூப்பிட்டார் ஒரு புதுப் பையன். நேரம் எழுதி வைத்திருந்த சீட்டைக் காட்டினேன். சீனியரைக் கேட்டுவிட்டு வந்து, நாலே காலுக்குக் கூப்பிட்டார். நீங்களும் ஒவ்வொரு தவணையின் நேரத்தையும் எழுதி வையுங்கள். அவர்களிடமும் பதிவு இருக்கும், ஆனால் இரட்டைப் பதிவு என்பது கணக்கில் முதல் பாடம்.

பதினைந்து நாள், தினமும் ஆறு மணி நேரம். வீடு பக்கம் என்றால் போய்ப் படுத்துவிடுங்கள். எனக்குப் பக்கமில்லை. கழுத்துக்குக் காற்றுத் தலையணை, போர்வை, தளர்ந்த முன்பட்டன் சட்டை கொண்டுபோவேன். முன்பட்டன் ஏனென்றால் ஒரு நாளைக்கு இரண்டு முறை கழற்றி மாட்டவேண்டும், தலைவழியாக இழுத்தால் கை கதறும். அந்த மணி நேரங்களில் நிறையப் படித்தேன். ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஜனவரியிலேயே சிகாகோவில் ஒரு பெண்ணுக்கு அதை வைத்துச் சிகிச்சை செய்ததாக எமில் குரூபே என்பவர் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு இருந்ததும் திரும்பி வந்த மார்பகப் புற்றுநோய்தானாம். பக்கத்து நாற்காலி அக்காவிடம் சொன்னேன். "அப்போ நாமதான் சீனியரா?" என்றார்.

தோல், களைப்பு, கை

தோல் முதல் வாரம் ஒன்றும் காட்டாது. இரண்டு, மூன்று வாரத்தில் சிவக்கும் அல்லது கறுக்கும், அரிக்கும், உரியும். உச்சம் வருவது கடைசித் தவணைக்கு ஒரு வாரம் கழித்து என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்துவிட்டதே, ஏன் மோசமாகிறது என்று நான் பயந்துபோய்ப் போன் செய்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப், தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, பருத்தி உள்ளாடை. கம்பி வைத்த பிரா வேண்டாம். சூடு, ஐஸ், சவரக்கத்தி, ஒட்டுத்தாள் எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது, வெயிலும் படக்கூடாது. மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பை ஆரம்பத்திலிருந்தே தடவினால் சிவப்பும் அரிப்பும் குறையும், ஆனால் டாக்டர் எழுதித்தான். யாரோ சொன்ன பச்சிலையை அரைத்துப் பூசாதீர்கள். மார்பின் அடி மடிப்பில் தோல் கசிந்து ஈரமானால் அன்றே காட்டவேண்டும், அதற்குத் தனிக் கட்டு உண்டு.

களைப்பு என்பது தூக்கக் கலக்கம் இல்லை. படி ஏறி நடுவில் உட்கார்ந்துவிடத் தோன்றும். நாள் முழுக்கப் படுத்தால் கூடுகிறது, தினமும் இருபது நிமிடம் நடந்தால் குறைகிறது. எனக்கு ஆறு வாரம் இருந்து தானாகப் போயிற்று. சத்து மாத்திரை என்று அதிக அளவு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை யாராவது கொடுத்தால் கேட்காமல் விழுங்கவேண்டாம்.

முடிந்து சில வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலோ மூச்சிரைப்போ காய்ச்சலோ வந்தால், ரேடியேஷன் எடுத்ததைச் சொல்லிக் காட்டுங்கள். நுரையீரல் வீக்கமாக இருக்கலாம், மருந்தில் அடங்கும். கை கனத்து மோதிரமோ வளையலோ இறுகினால் நிணநீர் தேங்குகிறது என்று பொருள், ஆரம்பத்திலேயே பிசியோதெரபிஸ்டிடம் போனால் கட்டுக்குள் இருக்கும். விரல் மரத்துப்போவது, இருமினால் விலாவில் சுளீர் என்பது எல்லாம் வருடங்கள் கழித்தும் வரலாம். இரண்டு முறை வாங்கியவர்களுக்கு மார்பு கொஞ்சம் இறுகி, சுருங்கி, தோலில் மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரியும். எனக்குத் தெரிகின்றன.

முடிந்த உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று துடிக்காதீர்கள். கதிரின் வேலை வாரக்கணக்கில் உள்ளே நடந்துகொண்டே இருக்கும், அப்போது எடுத்த படம் வீக்கத்தைக் காட்டிப் பயமுறுத்தும். நான்கு, ஆறு வாரத்தில் ஒரு முறை டாக்டர் பார்ப்பார், மாமோகிராமுக்கு மாதங்கள் ஆகும்.

முப்பதாவது தவணை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிந்தது. ட்ரீட்மெண்ட் சம்மரி வேண்டும் என்றேன். பிரிண்டர் வேலை செய்யவில்லை, திங்கட்கிழமை வாங்க அக்கா என்றார்கள். பரவாயில்லை, இருக்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஆறு மணி நேரம் உட்கார்ந்து பழகியவள் நான். நாற்பது நிமிடத்தில் தாளும் வந்தது, சிடியும் வந்தது.